பாரிசில் நாற்காலி ஆடியது, மண்ணாடிப்பட்டு காத்திருந்தது

1954 மார்ச் 13ஆம் தேதி வியட்நாமின் வடமேற்கு மலைகளுக்கு நடுவே தியென் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படைமுகாம் மீது தாக்குதல் தொடங்கியது. ஐந்தே நாளில், மார்ச் 18ஆம் தேதி, புதுச்சேரியின் எட்டுக் கொம்யூன்களின் தலைவர்களான மேர்களும் கூடி, இந்தியாவுடன் உடனே இணைக்க வேண்டும் என்று ஒரே குரலில் தீர்மானம் போட்டார்கள். அந்த எட்டில் ஒன்று திருபுவனை. இன்று நாம் மண்ணாடிப்பட்டு கொம்யூன் என்று சொல்லும் பகுதி அன்று அந்தப் பெயரில்தான் இருந்தது. மார்ச் 31ஆம் தேதி நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தில் மூவண்ணக் கொடி ஏறியது. அடுத்தடுத்த வாரங்களில் உள்நாட்டுக் கொம்யூன்கள் பிரெஞ்சு நிர்வாகத்தின் பிடியிலிருந்து நழுவின. மே 7ஆம் தேதி தியென் பியன் பூ விழுந்தது. இந்த இரண்டு வரிசைத் தேதிகளையும் நாம் தனித்தனிக் கதைகளாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒன்று விழா மேடைக் கதை, மற்றது வெளிநாட்டுப் போர்க் கதை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நம் கிராமங்களின் நாளும் நேரமும் பெரும்பாலும் பாரிசில் நடந்த ஆட்சிச் சண்டையில்தான் குறிக்கப்பட்டன.

அந்தப் போர் நமக்கு அந்நியமானதும் அன்று. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் போன சொல்தாக்கள் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. இந்தோசீனா போனால் இந்தியக் குடியிருப்புகளும் போகும், இரண்டையும் விட்டால் வட ஆப்பிரிக்காவும் போகும் என்ற பயம் பாரிஸ் நாடாளுமன்றத்தைப் பிடித்து ஆட்டியது. 1953 ஜூனிலிருந்து பிரதமராக இருந்த ஜோசப் லனியேலின் அமைச்சரவை, தோல்விச் செய்தி வந்த நாளிலிருந்தே ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தடுமாறியது. அந்த நேரம் பார்த்து இந்தியத் தூதுக்குழு பாரிசில் உட்கார்ந்து புதுச்சேரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மே மாத நடுவில் தொடங்கிய அந்தப் பேச்சு ஜூன் தொடக்கத்தில் முறிந்தது. நாளை இருப்போமா என்று தெரியாத அரசு, ஓர் அங்குல நிலத்தை விட்டுக்கொடுக்கவும் துணியாது, விடமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லவும் அதற்கு வலு இருக்காது. ஜூன் 12ஆம் தேதி லனியேல் அரசு கவிழ்ந்தது.

அந்த வாரங்களில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் நிலைமை என்ன என்பதை நிலப்படத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம். பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. தென்னாற்காடு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. 1949இல் இந்தியாவுடனான சுங்க உடன்படிக்கை முடிவுக்கு வந்ததும் எல்லையெங்கும் இந்தியச் சுங்கச் சாவடிகள் எழுந்தன. அதன் பிறகு பர்மிட் வந்தது. வீடு பிரெஞ்சுப் பக்கம், கழனி இந்தியப் பக்கம் என்றிருந்தவர் அறுத்த நெல்லைத் தன் களத்துக்குக் கொண்டுவர இரண்டு அரசுகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மதகடிப்பட்டுச் சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவனுக்குச் சாலையில் எந்த இடத்தில் எந்த நாடு முடிகிறது என்பது தெரிந்தே ஆக வேண்டும். 1954 வசந்தத்தில் இந்தக் கெடுபிடி உச்சத்துக்குப் போனது. பிரெஞ்சுக் காவலர் போய்விட்ட கிராமத்தில் வழக்கை யார் விசாரிப்பது, வரியை யாரிடம் கட்டுவது, பிறப்பை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் அமைச்சரவைக் கூட்டணியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லனியேலுக்குப் பின் வந்த பியேர் மாந்தெஸ் பிரான்ஸ், ஜூலை 20க்குள் இந்தோசீனாவில் போர்நிறுத்தம், இல்லையேல் பதவி விலகல் என்று நாள் குறித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். ஜெனிவாவில் அதைச் செய்தும் காட்டினார். அதே வேகத்தில் புதுச்சேரிக் கோப்பும் நகர்ந்தது. ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, அந்தந்தப் பகுதி மக்களின் இசைவில்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது. மக்களைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? கிடைத்த வழிதான் கீழூர். அக்டோபர் 18ஆம் தேதி, வில்லியனூர் கொம்யூனின் அந்தச் சிற்றூரில், பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் புதுச்சேரி, காரைக்கால் கொம்யூன்களின் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. கீழூரைச் சுற்றி வயலும் தோப்பும்தான். பிரெஞ்சுப் பக்கம் இருந்தவரும் வரலாம், கொடி பிடித்து இந்தியப் பக்கம் போய்விட்டவரும் வரலாம் என்கிற இடம். மூன்றே நாளில், 21ஆம் தேதி, டெல்லியில் உடன்படிக்கை கையெழுத்தானது. நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுப் பிரதிநிதி பியேர் லாந்தி நிர்வாகத்தை ஒப்படைக்க, இந்தியாவின் சார்பில் கேவல் சிங் ஏற்றுக்கொண்டார்.

மாந்தெஸ் பிரான்ஸ் 1955 பிப்ரவரி 5ஆம் தேதி பதவி இழந்தார். ஆக, கதவு திறந்திருந்த காலம் ஏழரை மாதம். நம் விடுதலை அந்த இடுக்கில் நுழைந்து வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்த இடுக்கு எவ்வளவு குறுகலானது என்பது புரியும். புதுச்சேரியில் கொடி மாறிய அதே 1954 நவம்பர் 1ஆம் தேதி அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. தேதிப் பொருத்தம் தற்செயல்தான். விளைவு நம் தலையில் விடிந்தது. நிர்வாகம் கைமாறியதே தவிர சட்டப்படியான உரிமை மாறவில்லை. அதற்கான ஒப்பந்தம் 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. ஒரு துண்டு நிலத்தை முறைப்படி எழுதிக்கொடுத்தால் அல்ஜீரியாவுக்கு அது முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம். மொல்லே, கையார், ஃபிளிம்லேன் என்று பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகளைப் பார்த்த அந்த நான்காம் குடியரசே 1958இல் சரிந்து, டி கோல் வந்தார். 1961 ஏப்ரலில் அவருக்கு எதிராகவே நான்கு தளபதிகள் அல்ஜியர்சில் கலகம் செய்தார்கள். 1962 ஜூலை தொடக்கத்தில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் நம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி இந்தியர்களானோம். எட்டு ஆண்டு காத்திருப்பை விளக்க இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அந்த எட்டு ஆண்டு வெறும் காகிதத் தாமதம் என்று சொல்பவர்கள் உண்டு. நிர்வாகம் இந்தியாவிடம்தானே இருந்தது, என்ன குறைந்தது என்று கேட்கிறார்கள். குறைந்தது என்னவென்று உச்ச நீதிமன்றத்தின் ஒரு வழக்கு சொல்கிறது. புதுச்சேரியில் பேருந்து ஓட்டும் உரிமம் பற்றிய சாதாரண வழக்குதான். தன் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக மனுதாரர் சொன்னபோது, புதுச்சேரி இந்தியாவின் நிலப்பகுதிதானா என்ற கேள்வி முன்னே வந்து நின்றது. மத்திய அரசிடமே கேட்டார்கள். இன்னும் இல்லை என்று பதில் வந்தது. 1961 இறுதியில் நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. கீழூரில் வாக்களித்து ஏழாண்டுக்குப் பிறகும் மண்ணாடிப்பட்டு விவசாயிக்கு இந்திய அரசியலமைப்பு துணை நிற்கவில்லை; மக்களவைக்கு அவர் பிரதிநிதியை அனுப்ப முடியவில்லை. தியென் பியன் பூவில் தோற்ற போருக்கும் அல்ஜீரியாவில் நடந்த போருக்கும் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனின் திருக்கனூரில் வரப்பு வெட்டுகிறவர் விலை கொடுத்திருக்கிறார்.

இணைப்பைப் பாரிஸ் கொடுக்கவில்லை, மக்கள் போராடிப் பெற்றார்கள் என்று சொல்வதும் உண்மையே. 1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சுடப்பட்டு இறந்தது முதல் அரசியல் தலைவர்கள் வ. சுப்பையா, எதுவார் குபேர் ஆகியோரின் தரப்புகள் தனித்தனியே நடத்திய இயக்கங்கள் வரை அதற்குச் சாட்சி. நான் சொல்வது நாள் குறிக்கப்பட்ட விதத்தைப் பற்றி. இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஆட்டம் காணும் அரசால்தான் தாமதம் என்றால், அசையாத அரசு நன்மை செய்திருக்க வேண்டுமே? பக்கத்தில் கோவா இருக்கிறது. போர்த்துகலில் சலாசாரின் நாற்காலி ஆடவே இல்லை, பேச்சுக்கும் இடமில்லை, 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்துதான் கோவா விடுபட்டது. இந்த மறுப்பை ஏற்கிறேன். ஆட்சிச் சண்டை நமக்குக் கதவைத் திறந்தும் விட்டது, சாத்தியும் வைத்தது. திறந்த அந்த ஏழரை மாதத்தில் நம்மால் நுழைய முடிந்தது எதனால் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

என் பதில் இதுதான். பாரிசும் டெல்லியும் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வந்தபோது, கேட்பதற்கு இங்கே ஆட்கள் இருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் மன்றங்கள் இருந்தன. மார்ச் 18 தீர்மானத்துக்கு எடை வந்தது, போட்டவர்கள் மேர்கள் என்பதால். கீழூரில் 27ஆம் பிரிவின் முடிச்சு அவிழ்ந்ததும் அங்கே வந்தவர்கள் வார்டிலிருந்து வாக்கு வாங்கியவர்கள் என்பதால். அந்த மன்றங்கள் கலைந்து கிடந்திருந்தால், மக்களின் இசைவு என்று எதைக் காட்டியிருப்பார்கள்? புதிதாகத் தேர்தல் நடத்தி முடிப்பதற்குள் மாந்தெஸ் பிரான்சின் ஏழரை மாதம் கரைந்திருக்கும். 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை என்று அன்றே புகார்கள் இருந்தன. பிரெஞ்சு இந்தியாவின் இன்னொரு பகுதியான சந்தன்நகரில் 1949இல் நடந்ததுபோல ஒவ்வொருவரையும் கேட்காமல் 178 பேரோடு முடித்துக்கொண்டது குறைதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சந்தன்நகரில் 7,473 பேர் இணைப்புக்கும் 114 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அது நேர்மையான வழி. ஆனாலும் குறையுள்ள மன்றம் இருந்ததால்தான் கீழூர் நடந்தது. மன்றமே இல்லாத இடத்தில் குறையைப் பேசவும் ஒருவர் இருக்க மாட்டார்.

அதனால்தான் இன்றைய நிலை என்னை உறுத்துகிறது. 1968க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது ஒரே ஒருமுறை, 2006இல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, அதுவும் நீதிமன்றப் படியேறிய பின். அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிப்பு வந்தது, நின்றுபோனது. பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் ஐந்து நகராட்சிகளிலும் அதிகாரிகள்தான் நிர்வாகம் பார்க்கிறார்கள். அவர்கள் வேலை செய்யவில்லை என்பது என் வாதம் இல்லை. பலர் நன்றாகவே செய்கிறார்கள். தெருவிளக்கும் ஏரிக்கரையும் நடந்துவிடும், எதற்குத் தேர்தல் செலவு என்று கேட்பவர்களுக்கும் அமைதியான நாளில் பதில் சொல்வது கடினம். நெருக்கடி நாளில் பதில் தானாக வரும். 2020இல் பெருந்தொற்றுக்காக எல்லைகள் மூடப்பட்டபோது, எழுபது ஆண்டுக்கு முந்தைய அதே கோடு மறுபடி சாலையில் தடுப்புக் கட்டைகளாக முளைத்தது. விழுப்புரம் பக்கம் கழனி வைத்திருப்பவர், இந்தப் பக்கம் ஆலையில் வேலை பார்ப்பவர், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் எல்லாரும் இ-பாஸ் கேட்டு நின்றார்கள். எந்த வரப்பு எந்த மாநிலம் என்று வீடு வீடாகத் தெரிந்த ஒரு கொம்யூன் தலைவர் அன்று பதவியில் இல்லை. யூனியன் பிரதேசத்தில் கடைசி அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியும் அதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருந்தது. மேலே அந்த வழக்கு, கீழே காலி இருக்கைகள். நடுவில் கிராமம்.

மேலே இருப்பவர்கள் சண்டை போட்டுக்கொள்வதை நம்மால் தடுக்க முடியாது. பாரிசும் அப்படித்தான் இருந்தது, எந்தத் தலைநகரும் அப்படி ஆகலாம். நம் பக்கத்தில் கேட்கப்படத் தகுதியான ஒரு மன்றம் இருக்கிறதா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. மண்ணாடிப்பட்டிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் இந்த ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: கொம்யூன் தேர்தல் எப்போது? தேதி சொல்லாதவரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். 2006இல் பதினெட்டு வயது நிரம்பாத எவரும் இன்றுவரை தம் கொம்யூனுக்கு ஒரு வாக்குக்கூடப் போட்டதில்லை.