மீன்தொட்டிக்கு எத்தனை வாட்?

மூன்று நாள் மழை விட்ட ஒரு டிசம்பர் காலை. சென்னை வீடொன்றில் ஜன்னலை ஒட்டி வைத்திருக்கும் இரண்டடித் தொட்டியில் நியான் டெட்ராக்கள் ஒரு மூலையில், சரளைக்கல்லுக்குச் சற்று மேலே ஒண்டி நிற்கின்றன. போன வாரம் வரை தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்த மீன்கள்தான். இப்போது துடுப்புகளை உடம்போடு மடக்கிக்கொண்டு அசையாமல் இருக்கின்றன. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றின் வாலில் ரவை ஒட்டியதுபோல மூன்று நான்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. இன்னொன்று கல்லில் உடம்பை உரசிவிட்டு வெடுக்கென்று நகர்கிறது. மழைக்கு முன் 27 டிகிரி காட்டிய தெர்மாமீட்டர் இப்போது 22-ல் நிற்கிறது.

அன்று மாலையே வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கொளத்தூருக்குப் போவார். வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பேர்போன பகுதி அது. "அண்ணே, ரெண்டடித் தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர் போடணும்?" ஐம்பதும் இருக்கிறது, நூறும் இருக்கிறது, இருநூறும் இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "பெருசாவே குடுங்க, சீக்கிரம் சூடாகட்டும்" என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். மீன்கள் செத்துப்போவதற்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

ஏன் என்று பார்ப்பதற்கு முன், 5 டிகிரி இறக்கம் மீனை ஏன் இந்தப் பாடு படுத்துகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மனித உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை. அதன் ரத்தம் முழுவதும் செவுள்கள் வழியாகப் போய் வருகிறது. அங்கே ரத்தத்துக்கும் நீருக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய சவ்வு மட்டுமே. ஆக்சிஜன் உள்ளே வரும் அதே வழியில் சூடு வெளியே போய்விடுகிறது. சூரை மீன் போன்ற சில கடல்மீன்களைத் தவிர, மீனின் உடம்புச் சூடு என்பது நீரின் சூடுதான். பொதுவாகப் பத்து டிகிரி குறைந்தால் உடம்பின் வேதிவினைகள் பாதி வேகத்துக்கு வந்துவிடும். தின்றது செரிக்காது, நோய் எதிர்ப்பும் மந்தமாகும்.

தொட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒட்டுண்ணிக்கு அந்த இடைவெளி போதும். வெண்புள்ளி நோயை உண்டாக்குவது ஒற்றைச் செல் உயிரி. மீனின் தோலுக்கடியில் புகுந்து வளர்ந்து, முற்றியதும் உதிர்ந்து அடித்தளத்துக்குப் போய், அங்கே நூற்றுக்கணக்கில் பெருகித் திரும்பவும் மீனைத் தேடி வரும். வெண்புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிவது தோலுக்கடியில் இருக்கும் கட்டம் மட்டும்தான். 25 டிகிரியில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும்.

எல்லா மீனுக்கும் ஹீட்டர் வேண்டும் என்பதில்லை. தங்கமீன் சீனத்துக் கெண்டை வகையிலிருந்து வந்தது. 18 முதல் 22 டிகிரிதான் அதற்குச் சுகம். அதற்கு ஹீட்டர் போடுவது வீண்செலவு மட்டுமல்ல, கெடுதலும்கூட. ஐரோப்பாவுக்கு முதன்முதலில் போன வெப்பமண்டல அலங்கார மீன்களில் ஒன்று பாரடைஸ் மீன். 1869-ல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட அதை கார்பொன்யே என்பவர் அங்கே இனப்பெருக்கமும் செய்யவைத்தார். மின்சார ஹீட்டர் இல்லாத அந்தக் காலத்தில் அது பிழைத்ததற்குக் காரணம், ஓரளவு குளிரைத் தாங்கும் உடம்பும், மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் 'மிஸ் கேரளா' மீனை 1865-ல் பிரான்சிஸ் டே அறிவியல் உலகுக்கு விவரித்தார். ஓடும், குளிர்ந்த நீரில் பழகிய அதற்கும் சென்னையின் குளிர்காலம் ஒரு குளிரே அல்ல.

மறுபக்கம் டிஸ்கஸ். அமேசான் படுகையிலிருந்து வந்த இந்த மீன் 28 முதல் 30 டிகிரி கேட்கும். ஃபைட்டரும் ஏஞ்சலும் 25-க்குமேல் இருந்தால் நலமாக இருக்கும். நியான் டெட்ராவுக்கு 22 முதல் 26 வரை போதும். அப்படியானால் 22-ல் அது ஏன் நோயில் விழுந்தது? 22 என்ற எண் அதைக் கொல்லவில்லை. 27-க்குப் பழகிய உடம்பு மூன்றே நாளில் 22-க்கு இறங்கியதுதான் அதைச் சாய்த்தது. ஹீட்டரின் முக்கிய வேலை நீரைச் சூடாக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீரின் சூட்டை நகராமல் பிடித்து நிறுத்தும் கருவி.

இந்த நோக்கில் பார்த்தால் வாட் கணக்கே மாறிவிடுகிறது. ஹீட்டர் பெட்டியில் அச்சடித்த பட்டியல் பெரும்பாலும் தொட்டி எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்கும். ராத்திரி அந்த அறை எவ்வளவு குளிரும் என்று கேட்காது. கேட்க வேண்டியது அதைத்தான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் கல், மேல் இடைவெளி போக ஏறக்குறைய 50 லிட்டர் நீர் நிற்கும். மூடி போட்ட அந்தத் தொட்டியிலிருந்து, அறைக்கும் நீருக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் தோராயமாக 5 வாட் வெளியேறும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் அறை 22-க்கு இறங்குகிறது, நீர் 26-ல் நிற்க வேண்டும் என்றால் வித்தியாசம் 4 டிகிரி. 20 வாட் போதும். 50 வாட் ஹீட்டர் இந்த வேலையைப் பாதி நேரம் ஓய்வெடுத்துக்கொண்டே செய்துவிடும். ஒரு நாள் முழுக்க ஆகும் மின்சாரம் அரை யூனிட்.

அதே தொட்டி ஊட்டியில் இருந்தால் கதை வேறு. ஜனவரியில் வெளியே உறைபனி கொட்டும்போது வீட்டுக்குள்ளும் 12 டிகிரிக்கு இறங்கினால் வித்தியாசம் 14. தேவை 70 வாட். அங்கே 100 வாட் நியாயமான தேர்வு.

இனி அந்த இருநூறு வாட்டுக்கு வருவோம். மலிவான கண்ணாடிக்குழாய் ஹீட்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்னப் பட்டை ஒன்று இருக்கும், அதுதான் தெர்மோஸ்டாட். சூடேறினால் வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். அமைதியான அறையில் காது கொடுத்தால் 'டிக்' என்ற சத்தம்கூடக் கேட்கும். ஒவ்வொரு டிக்கிலும் தொடும் முனைகளுக்கு நடுவே ஒரு பொடிப் பொறி பறக்கிறது. ஆயிரக்கணக்கான பொறிகளுக்குப் பிறகு ஒருநாள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அதன்பின் ஹீட்டர் அணையாது.

அதே சென்னைத் தொட்டியில், நீர் 26-ல் இருக்கும்போது இரவு பத்து மணிக்கு ஒட்டிக்கொண்டது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற 209 கிலோஜூல் வேண்டும். 200 வாட் ஹீட்டர் அதை 17, 18 நிமிடத்தில் தந்துவிடும். வெளியேறும் சூட்டைக் கழித்தாலும் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குள் நீர் 34 டிகிரியாகிவிடும். விடிகாலை ஆறு மணிக்கு 44-ஐத் தொட்டிருக்கும். அதற்கு வெகு நேரம் முன்பே மீன்கள் செத்திருக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு, மீனுக்கு அது தேவைப்படுவதோ அதிகம். ஒட்டிக்கொண்டது 50 வாட் ஹீட்டராக இருந்தால், காலையில் நீர் 29 டிகிரியில் இருக்கும். நாள் முழுக்கக் கவனிக்காமல் விட்டாலும், அறை அதே குளிரில் இருக்கும்வரை 32-க்கு மேல் அதனால் ஏற்ற முடியாது. உள்ளே போகும் சூடும் வெளியே போகும் சூடும் அங்கே சமமாகிவிடும். தெர்மோஸ்டாட் தவறினாலும் அதன் சிறிய வாட்டே மீனைக் காப்பாற்றிவிடுகிறது.

பெரிய தொட்டிக்கும் இதே யோசனைதான். 200 வாட் தேவைப்படும் இடத்தில் நூறு நூறாக இரண்டு போட்டு, ஆளுக்கொரு கோடியில் வைக்கலாம். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தனியாக வேகவைக்க முடியாது. ஒன்று செத்துப்போனாலும் மற்றது விடியும்வரை தாங்கும்.

கூடுதல் பணம் இருந்தால் அதை வாட்டில் போடாமல் கட்டுப்பாட்டில் போடுவது நல்லது. டைட்டானியம் ஹீட்டருக்கும் தனியாக நீரில் தொங்கும் உணரியோடு கூடிய வெளிக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் செலவிடலாம். டைட்டானியம் உடையாது. சிக்லிட் மாதிரி முரட்டு மீன்கள் கல்லைப் புரட்டும் தொட்டியில் அது பெரிய நிம்மதி. பிராண்ட் பெயர் மட்டும் காவல் இல்லை. 2011-ல் அமெரிக்காவில், அளவுக்கு மீறிச் சூடாகியும் உடைந்தும் போன காரணத்தால், சுமார் 12 லட்சம் மீன்தொட்டி ஹீட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. எந்த ஹீட்டர் வாங்கினாலும் அதன் திருகில் குறித்திருக்கும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்குவது கட்டாயம். ஹீட்டருக்கு எதிர்க்கோடியில் அதைத் தொங்கவிட வேண்டும்.

ஹீட்டரைவிட மலிவான இன்னொரு சாதனம் மூடி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஃபேன் ஓடும் அறையில் திறந்து கிடக்கும் இரண்டடித் தொட்டியின் மட்டம் ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் இறங்கினால், போனது ஏறக்குறைய ஒரு லிட்டர். அதாவது இரவு பகலாக 28 வாட் வீணாகிறது. ஒரு சிறு ஹீட்டரின் உழைப்பே மேலே போய்விடுகிறது. மூடியும், தொட்டிக்கடியிலும் பின்புறமும் வைக்கும் தெர்மோகோல் அட்டையும் இருந்தால் மின்வெட்டு நேரத்திலும் நீர் மெதுவாகத்தான் ஆறும். புயல் நாட்களில் கரண்ட் போனால் சுற்றிலும் ஒரு போர்வையைப் போர்த்தி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை மட்டும் போட்டுவைத்தால் ஓர் இரவு தாண்டிவிடும்.

ஹீட்டரை ஃபில்டரின் நீர் வரும் வழியில், படுத்தவாக்கில் அல்லது சாய்த்து, அடிப்பக்கமாக ஒட்ட வேண்டும். சூடான நீர் மேலே ஏறும், ஓட்டம் அதைப் பரப்பும். மணலுக்குள் புதைக்கக் கூடாது. நீரில் இறக்கிக் கால் மணி நேரம் கழித்தே பிளக்கைச் சொருக வேண்டும். நீர் மாற்றும்போது மறந்துவிடுவதுதான் ஹீட்டர் உடையப் பெரிய காரணம். மட்டம் இறங்கி, காற்றில் நின்று கொதித்த கண்ணாடிமேல் புதுநீர் பட்டதும் விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டர் இருக்கும் தொட்டியில் கையை விடுவது உயிருக்கே ஆபத்து. அதனால் எர்த் உள்ள பிளக் பாயிண்டும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வேண்டும். ஒயரில் வழியும் சொட்டு நீர் பிளக்குக்குள் போகாமல் இருக்க, ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேற வேண்டும்.

முதலில் பார்த்த அந்த நியான் தொட்டியில் ஐம்பது வாட் ஹீட்டர் வந்துவிட்டது. ஒரேயடியாக ஏற்றாமல், சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று 28 வரை கொண்டுபோகிறார்கள். ஏர் பம்பும் இரவு பகலாக ஓடுகிறது. நான்காம் நாள் வாலில் இருந்த புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. ஆனால் கல்லுக்கடியில் இன்னும் பெருகிக்கொண்டிருப்பவை வெளிவந்து மடியும்வரை சூட்டைக் குறைக்கக் கூடாது. அதனால் மேலும் பத்து நாள் அதே நிலையில் வைத்து, வெண்புள்ளிக்கான மருந்தும் போடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு டிகிரியாக 25-க்கு இறக்குகிறார்கள்.

மார்ச் பாதியில் சுவர்கள் சூடாகத் தொடங்கும்போது அந்த ஹீட்டரின் பிளக் பிடுங்கப்படும். அரை மணி நேரம் ஆறவிட்டு எடுத்து, கண்ணாடியில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்பை வினிகரில் துடைத்து, வாங்கிய தேதியைப் பெட்டியில் எழுதி அலமாரியில் வைப்பார்கள்.