குளத்தின் பெயர் என்ன?

என்னிடம் முன்பு தமிழ் பயின்று, இப்பொழுது பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்கும் மாணவி ஒருத்தி சென்ற விடுமுறையிலே மடிக்கணினியோடு என் இல்லத்திற்கு வந்தாள். புவியியல் தகவல் முறைமை என்னும் பாடத்திற்காகத் தான் வரைந்துவரும் எங்கள் கிராமத்தின் தேசப்படத்தைக் காட்டினாள்.

செய்மதிப் படத்தின்மேற் கிணறுகளைப் புள்ளிகளாகவும், ஒழுங்கைகளைக் கோடுகளாகவும், குளங்களையும் வயல்களையும் பல்கோணிகளாகவும் வரைந்திருந்தாள். ஒவ்வோரினமும் தனித்தனி அடுக்கு. வெள்ளம் பரவும் தாழ்நிலத்தின் அடுக்கையும் வீடுகளின் அடுக்கையும் ஒன்றன்மேலொன்றாக வைத்தால், இடருறும் வீடுகள் எவையெனக் கணத்திற் புலனாகும். கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுத்தற்பொருட்டு 1960களில் ரோஜர் ரொம்லின்சன் என்பார் முன்னின்று வளர்த்த முறை இது. படத்திலுள்ள ஒவ்வோர் உருவுக்கும் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. பெயர், பரப்பளவு, பயன் முதலியன அதிலே பதியப்படும்.

"அகத்திணையில் முதற்பொருள், கருப்பொருள் படித்தாயல்லவா, பிள்ளை? நிலம் முதல், நிலத்தைச் சார்ந்தவை கரு. அதுபோலத்தான் இதுவும்" என்றேன். பழந்தமிழர் கணினி கண்டார் என்பது என் கருத்தன்று. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குதல் ஆசிரியர் வழக்கம்.

"ஐயா, கோயிலுக்குப் பின்னாலுள்ள குளத்துக்குப் பெயர் என்ன? அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது" என்றாள்.

திகைத்தேன். பிள்ளைப் பருவந்தொட்டு அக்கரையால் நடப்பவன் நான். "கோயிற் குளம்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். என் தந்தையார் வேறொரு பெயர் சொல்வார். அது நாவில் வரவில்லை. ஊர்ப்பெயர்களுக்குச் சொல்லிலக்கணம் கூறும் பண்டிதனுக்குத் தன் ஊர்க் குளத்தின் பெயர் தெரியவில்லை!

மறுநாட் காலை பழைய காணி உறுதியொன்றைப் புரட்டினேன். வடக்கெல்லை "விளாங்குளம்" என்றிருந்தது. இன்று அக்கரையில் விளாமரம் ஒன்றுமில்லை. அது நின்றதற்குப் பெயரே சான்று.

ஆயின், நம் நாட்டிலே ல, ள இரண்டையும் ஆங்கிலத்தில் ஓரெழுத்தாலேயே எழுதுகிறோம். அப்படி எழுதியதைப் பின்னர்த் தமிழாக்குவோர் "விலாங்குளம்" என்பர். விளாமரம் போய் விலாங்குமீன் புகுந்துவிடும். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தம் நகரொன்றின் பெயரைச் சூட்டி டெல்வ்ற் என்றனர். ஆங்கிலப் படங்களில் அப்பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது. படத்தில் ஏறிய பெயர் எளிதில் இறங்காது.

தாட்படத்திலே இடம் குறைவு. கணினியின் அட்டவணையிலோ தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வைக்கலாம். கட்டம் அமைக்க மாணவர் அறிவர். அதனை நிரப்பும் பெயர்களோ முதியோர் நினைவிலும் பழைய உறுதிகளிலுமே உள்ளன. முதியோர் மறையுமுன், உறுதிகள் செல்லரிக்குமுன், ஆசிரியர்கள் தத்தம் ஊர்க் குளம், ஒழுங்கை, காணிகளின் பெயர்களை மாணவரைக்கொண்டு திரட்டுதல் வேண்டும்.

அன்று மாலை அவள் மீண்டும் வந்தாள். வெறுமையாயிருந்த கட்டத்தில் "விளாங்குளம்" எனத் தமிழெழுத்திற் பதித்தாள். ளகரம் சரிதானா என்று கண்ணாடியை அணிந்து ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டேன்.