அந்த நாலு அங்குலம் யாருக்குச் சொந்தம்?

டிப்ளமோ கைக்கு வந்ததும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது பாஸ்போர்ட் யோசனைதான். தஞ்சாவூரோ, பாபநாசமோ, மன்னார்குடியோ, பட்டுக்கோட்டையோ, எங்கிருந்து கிளம்பினாலும் நமக்கு வாசற்படி திருச்சி விமான நிலையம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் அங்கிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். விசா எப்படி எடுப்பது, பெட்டியில் எத்தனை கிலோ வைக்கலாம், ஊறுகாயை எப்படிக் கட்டுவது என்றெல்லாம் சொல்லித்தரத் தெருவுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். ஆனால் ஏறி உட்கார்ந்த பிறகு சீட்டைப் பின்னால் சாய்க்கலாமா, கூடாதா என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமாப்பா?" என்று கேட்காதீர்கள். இந்தச் சண்டையால் ஒரு விமானமே பாதி வழியில் இறங்கியிருக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போனவர்களுக்குப் புஷ்பேக் சீட் புதிதல்ல. முன்னால் இருப்பவர் 'தடால்' என்று மடியில் வந்து விழுவதும், பின்னால் இருப்பவர் முழங்காலால் முட்டுவதும் நமக்குப் பழகிப்போன சங்கதி. விமானத்தில் இடம் அதைவிட நெருக்கம். ஒரு சீட்டின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரத்துக்குப் 'பிட்ச்' என்று பெயர் (ஆமாம், திருகாணி மரைக்குப் படித்தோமே, அதே பிட்ச்தான்!). சாதாரண வகுப்பில் இது பெரும்பாலும் 28 முதல் 31 அங்குலம். சீட்டின் தடிமன், நம் தொடை, முழங்கால், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்காகக் கொஞ்சம் உள்ளே புகுந்து பார்ப்போம். கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால், சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி ஒரு கேபிள் சீட்டுக்கு அடியில் உள்ள சிறு சிலிண்டரின் வால்வைத் திறக்கும். உள்ளே இருப்பது எண்ணெய். வால்வு திறந்திருக்கும் வரை எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும், பிஸ்டன் நகரும், முதுகு அழுத்தும் அழுத்தத்தில் சீட் சாயும். விரலை எடுத்தால் வால்வு மூடிக்கொள்ளும். எண்ணெய்க்குப் போக வழியில்லை, சீட் நின்ற இடத்தில் நிற்கும். திரும்ப நிமிர்த்த ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. எண்ணெயே இல்லாமல் ஸ்பிரிங் சுருள் ஒரு கம்பியை இறுக்கிப் பிடிக்கும் வகையும் உண்டு. எந்த வகையானாலும் மெதுவாகச் சாயலாம், பாதியில் நிறுத்தலாம். 'டபக்'கென்று விழுவது மெஷினின் குணமல்ல, ஆளின் குணம்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாயும் முதுகுப் பலகை கீழே ஒரு கீலில் திரும்புகிறது. கீலிலிருந்து உச்சி வரை 70 செ.மீ. என்றும், சாய்வு 10 டிகிரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சைன் 10 டிகிரி 0.174. அப்படியானால் உச்சி 12 செ.மீ. பின்னால் வரும். கீலிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், அதாவது சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே, 4 செ.மீ. சொச்சம். முழங்கால் படும் இடம் கீலுக்குச் சற்று மேலேதான்; 8 செ.மீ. என்று போட்டால் வருவது ஒன்றரை செ.மீ.கூட இல்லை. ஆக, "முட்டி போச்சு" என்று பின்னால் இருப்பவர் கத்தும்போது உண்மையில் பறிபோவது முகத்துக்கு எதிரே உள்ள இடம். லேப்டாப் வைத்திருப்பவருக்கு அதன் மூடி நசுங்கும், சாப்பிடுபவருக்குத் தலையைக் குனிய இடமிருக்காது. நல்ல உயரமான ஆளாக, முட்டி ஏற்கெனவே முன் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஒன்றரை செ.மீ.யும் வலிக்கத்தான் செய்யும்.

இன்னொரு வேடிக்கை. எல்லா வரிசைக்காரர்களும் ஒரே அளவு சாய்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முன்னால் போன இடம் பின்னால் கிடைத்துவிடுகிறது. மாட்டிக்கொள்பவர் கடைசி வரிசைக்காரர். அவருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சுவர், அல்லது கழிவறை. அவரால் சாய முடியாது, ஆனால் முன்னால் இருப்பவர் சாய்வார். அவசர வழிக்கு முன் வரிசையில் இருப்பவருக்கும் பெரும்பாலும் இதே கதிதான். ஓடும் வழி அடைபடக் கூடாதென்று அந்த சீட்டைச் சாயாமல் பூட்டி வைத்திருப்பார்கள். தலைமடையில் இஷ்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கம் கடைமடையில் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அதற்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். விமானத்தில் முறை வைப்பார் யாருமில்லை.

ரயில் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. மன்னை எக்ஸ்பிரஸிலோ உழவன் எக்ஸ்பிரஸிலோ நடு பெர்த்தைத் தூக்கி மாட்டினால் கீழ் பெர்த்காரர் நிமிர்ந்து உட்கார முடியாது. எனவே ரயில்வே எழுதியே வைத்துவிட்டது: படுக்கும் நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. முன்பு 9 மணியிலிருந்து என்று இருந்ததை 2017-ல் 10 ஆக்கினார்கள். நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் முன்னதாகவே படுக்க விரும்பினால் மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தகராறு வந்தால் டி.டி.ஆர். கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். விமானத்தில் கறாரான விதி ஒன்றே ஒன்றுதான்: கிளம்பும்போதும் இறங்கும்போதும் சீட் நிமிர்ந்திருக்க வேண்டும். அது மரியாதைக்காக அல்ல. பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் விமான மாடலுக்கே அனுமதி. சாய்ந்த சீட் ஒன்று குறுக்கே நின்றால் அந்தக் கணக்கு உதைக்கும்.

இடைப்பட்ட நேரத்துக்கு விதி இல்லாததால்தான் வம்பு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் நெவார்க்கிலிருந்து டென்வர் போன யுனைடெட் விமானத்தில் ஒருவர், முன் சீட் சாயாதபடி தடுக்கும் சிறு பிளாஸ்டிக் கவ்வியை மாட்டிவிட்டார். 'நீ டிஃபெண்டர்', அதாவது முட்டிக் காவலன், என்று பெயர் வைத்து அதைக் கடையிலேயே விற்றார்கள். எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. முன்னால் இருந்த பெண்மணி குடிப்பதற்கு வைத்திருந்ததை எடுத்து அவர் மேல் ஊற்றிவிட்டார். விமானம் சிகாகோவில் இறங்கி இரண்டு பேரையும் இறக்கிவிட்டுத்தான் மேலே போனது. அவர்கள் இருவரும் இருந்தது கால் நீட்ட நாலு அங்குலம் கூடுதலாக உள்ள, காசு அதிகமான வரிசை!

அதே 2014-ல் இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இதை வைத்து ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். சாயும் உரிமை முன்னால் இருப்பவருக்கு என்று வைத்துக்கொண்டு கேட்டபோது, சாயாமல் இருக்க அவர்கள் சராசரியாக 41 டாலர் கேட்டார்கள். பின்னால் இருப்பவர்கள் தருவதாகச் சொன்னது 18 டாலர். உரிமையைப் பின்னால் இருப்பவருக்கு மாற்றிக் கேட்டால், அவர்கள் 39 டாலர் கேட்டார்கள். முன்னால் இருப்பவர்கள் 12 டாலருக்கு மேல் அவிழ்க்கத் தயாரில்லை. நிலம் யார் பேரில் பட்டாவோ அவர் விலையை ஏற்றுகிறார்! ஆனால் காசுக்குப் பதில் ஒரு கூல்டிரிங்ஸோ நொறுக்குத் தீனியோ வாங்கித் தருகிறேன் என்று கேட்டபோது முக்கால்வாசிப் பேர் சாயாமல் இருக்கச் சம்மதித்தார்களாம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நம் பஸ்களில் ஒரு கை கடலை பங்கு போட்டால் நடக்காத காரியமா?

கம்பெனிகள் வேறு வழியில் முடிக்கப் பார்க்கின்றன. ரயன்ஏர், ஈஸிஜெட் சீட்டுகள் சாயவே சாயாது. 2019-ல் டெல்டா ஏர்லைன்ஸ் (பேரைப் பார்த்து நம்ம ஊர்க் கம்பெனி என்று நினைக்காதீர்கள்) சில விமானங்களில் சாய்வை நாலு அங்குலத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. பின்னால் இருப்பவரிடம் கேட்டுவிட்டுச் சாய்வதுதான் முறை என்று அதன் தலைவர் 2020-ல் பேட்டியே கொடுத்தார். 'பட்டன் இருக்கிறது, காசு கொடுத்திருக்கிறேன், நான் எதற்குக் கேட்க வேண்டும்?' என்று அன்று பலர் பொங்கினார்கள்.

என் கட்சி, சாயலாம் என்பதுதான். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி விமானம் ஏறுபவரை நிமிர்ந்தே உட்காரச் சொல்வது நியாயமில்லை. ஆனால் திரும்பி ஒரு பார்வை பார்த்து, "அண்ணே, கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டால் அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். தமிழ் தெரியாதவர் என்றால் சைகை போதும். சாப்பாடு வரும்போது சொல்லாமலே நிமிர்ந்துவிட வேண்டும். சுடச்சுட டீ வாங்கியவர் பின்னால் இருக்கும்போது பட்டனைத் தொடவே கூடாது. மடியில் குழந்தையோடு ஒரு அம்மா இருந்தால் பாதிச் சாய்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பொறி அதற்கு இடம் கொடுக்கிறது. பின்னால் இருப்பவருக்கும் கடமை உண்டு. எழுந்திருக்கும்போது முன் சீட்டின் தலையைப் பிடித்து இழுப்பது, பதில் சொல்வதற்குப் பதிலாக முட்டியால் பேசுவது, இரண்டும் வேண்டாம். பிடிக்கவில்லையா, வாயைத் திறந்து சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மணியை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிடலாம். தீர்ப்பு அவர் கையில்.

டிக்கெட் போடும்போதே ஏஜெண்டிடம் சீட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கடைசி வரிசை, அவசர வழிக்கு முந்திய வரிசை என்றால் உறுதிப்படுத்தும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். மாற்ற வழியில்லை என்றால் கழுத்துத் தலையணை ஒன்றை எடுத்துப்போங்கள். விமான நிலையத்துக்குள் வாங்காதீர்கள், விலை அதிகம்.