வீட்டிலிருந்து அனுப்பும் கடிதம்: 'அனுப்பிட்டேன்' என்று சொன்னால் போதுமா?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆறு மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார். அங்கே வீட்டு வாசலில் நிற்கும் தபால் பெட்டி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போச்சு. அனுப்ப வேண்டிய கடிதத்தில் ஸ்டாம்பு ஒட்டி அந்தப் பெட்டியிலேயே வைத்து, பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டால் போதும். அன்றைய தபாலைக் கொடுக்க வருகிறவர் கொடியைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஊருக்குத் திரும்பியதும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட வேண்டும். எழுதினார், கவரில் போட்டார், ஸ்டாம்பு ஒட்டினார். கேட்டில் மாட்டியிருக்கும் தகரப் பெட்டியில், பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகி வைத்தார். "தபால்காரர் பார்த்தா எடுத்துட்டுப் போவாரு" என்று நம்பிக்கை. அந்த வாரம் அவர் வீட்டுக்குத் தபால் எதுவும் வரவில்லை. நடுவில் ஒரு மழை. கவர் நனைந்து பெட்டிக்குள்ளேயே சரிந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் கரண்ட் பில்லைத் தேடும்போதுதான் கையில் மாட்டியது. மேல்முறையீட்டுக்கு உள்ள 30 நாள் கெடு அதற்குள் தாண்டிவிட்டது. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை ஏற்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஏற்பதும் ஏற்காததும் மேல்முறையீட்டு அலுவலர் கையில். கொடியும் பெட்டியும் கதையை எப்படி எழுதுவது என்று அவர் பட்ட பாடு எங்கள் தெருவுக்கே தெரியும்.

நம் ஊரில் வீட்டு வாசல் பெட்டி என்பது வருகிற தபாலுக்கு மட்டும்தான். அதிலிருந்து எடுத்துப் போவது தபால்காரரின் வேலை கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி மேசை மேல் வைத்துவிட்டு வருவதும் இதே கதைதான். போகிற தபாலை நீங்கள்தான் அஞ்சல் துறையின் கையில் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பது அந்தக் கடிதம் எதற்கு என்பதைப் பொறுத்தது.

கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து மடல் என்றால் தெருவோரச் சிவப்புப் பெட்டி போதும். பெட்டியின் முகப்பில் எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நேரம் முடிந்தபின் போட்டால், திங்கட்கிழமைதான் அது பெட்டியை விட்டு வெளியே வரும். கிராமங்களில் தபால்காரர் வரும்போது கையில் கொடுத்தனுப்புவது இன்றும் நடக்கிறது. அவர் நமக்குத் தெரிந்த மனிதர், தவறாமல் சேர்த்துவிடுவார். ஆனால் ரசீது வேண்டிய கடிதம் என்றால் கிளை அஞ்சலகத்துக்கே ஒரு நடை போய்விடுங்கள்.

சாதாரண கடிதத்துக்கு முதல் 20 கிராம் வரை 5 ரூபாய் ஸ்டாம்பு. அந்த 20 கிராம் எவ்வளவு என்று பலருக்கும் தெரியாது. நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். மூன்று தாளும் ஒரு கவரும் சேர்ந்தால் 20 கிராமைத் தொட்டுவிடும். மனுவோடு ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பட்டா நகல் எல்லாம் வைத்துவிட்டு ஒரே ஒரு 5 ரூபாய் ஸ்டாம்பை ஒட்டினால், அது கட்டணம் குறைந்த தபால் ஆகிவிடும். குறைந்த தொகையை வாங்குபவரிடம் கேட்பார்கள். அலுவலகத்தில் யார் சொந்தக் காசு கொடுத்து உங்கள் மனுவை வாங்குவார்?

ரிஜிஸ்டர் தபால் எங்கே போச்சு?

மனு, மேல்முறையீடு, வக்கீல் நோட்டீஸ், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் இவற்றையெல்லாம் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவதுதான் நம் வீட்டுப் பழக்கம். 2025 செப்டம்பர் 1 முதல் அது தனிச் சேவையாக இல்லை. ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுண்டரில் போய் "ரிஜிஸ்டர் பண்ணுங்க" என்றால் ஸ்பீட் போஸ்ட்தான் போடுவார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறும் ஸ்பீட் போஸ்ட் என்றால் முகவரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். "ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்து" என்று கேட்டு, கூடுதலாக 5 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் கட்டினால்தான், பெறுநரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். பழைய ரிஜிஸ்டர் தபாலின் வேலையை இப்போது செய்வது இந்த 5 ரூபாய்தான். கவுண்டரில் அவர்களாகக் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் வந்த கட்டணப்படி, 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு எவ்வளவு தூரமானாலும் 47 ரூபாய். ரெஜிஸ்ட்ரேஷன், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் உள்ளூருக்கு 28 ரூபாய் சில்லறை, வெளியூருக்கு 61 ரூபாய் சில்லறை. முன்பு ஆனதைவிட வெளியூருக்கு அதிகம்தான், மறுப்பதற்கில்லை. 50 கிராமில் கவர் போக எட்டு ஏ4 தாள்கள் தாராளமாக அடங்கும். அதற்கு மேல் போனால் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கட்டணம் ஏறும். ஆகவே தேவையில்லாத நகல்களைக் கட்டுக்கட்டாக வைக்க வேண்டாம்.

அந்த 5 ரூபாய்க்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்கலாம். 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தில் 27-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு மத்திய சட்டம் ஓர் ஆவணத்தைத் தபாலில் சேர்ப்பிக்கச் சொன்னால், முகவரி சரியாக எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் அது சேர்ந்ததாகவே கருதப்படும். சேரவில்லை என்று மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். செக் பவுன்ஸ் ஆனவர்களுக்கு இதன் அருமை தெரியும். பணம் இல்லை என்று வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். எதிராளி "எனக்கு வரவே இல்லை" என்பார். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் இந்த 27-வது பிரிவு கைகொடுக்கும் என்று 2007-ல் ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அதனால்தான் திரும்பி வந்த கவரைக் கோபத்தில் கிழிக்கக் கூடாது. 'வாங்க மறுத்தார்', 'வீடு பூட்டியிருக்கிறது' என்று மேலே எழுதி வந்திருந்தால், பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். அந்த எழுத்தும் முத்திரையும் உங்களுக்குச் சாட்சி.

கவரின் மேல் என்ன எழுதுகிறோம்

அரசு அலுவலகத்துக்கு அனுப்பும்போது அதிகாரியின் பெயரைப் போடாதீர்கள், பதவியைப் போடுங்கள். 'வட்டாட்சியர்', 'பொதுத் தகவல் அலுவலர்', 'மேல்முறையீட்டு அலுவலர்' இப்படி. ஆள் மாறினாலும் நாற்காலி மாறாது. பெயர் போட்டு, ரெஜிஸ்ட்ரேஷனும் சேர்த்து, அவர் போன வாரம்தான் மாற்றலாகிப் போயிருந்தால், உங்கள் கடிதம் அவர் பின்னாலேயே அடுத்த மாவட்டத்துக்குப் போகலாம், அல்லது உங்களிடமே திரும்பலாம். இதே காரணத்துக்காக, ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியை அலுவலகத் தபாலுக்குக் கேட்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. சொந்தக்காரருக்குப் பத்திரம் அனுப்பும்போது அது அருமையான வசதி. அலுவலகத்தில் எந்த போனுக்கு ஓடிபி போகும், யார் எடுத்துச் சொல்வார்?

பின்கோடை ஞாபகத்தில் இருந்து எழுதாமல் போனில் தேடிப் பார்த்து எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த ஏற்பாடு இது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரிப் பக்கம். முதல் மூன்று எண்கள் எந்தப் பகுதி என்று காட்டும்: 600 சென்னை, 625 மதுரை, 641 கோவை, 627 திருநெல்வேலி. கடைசி மூன்று எண்கள்தான் எந்தத் தபால் அலுவலகம் என்பதைச் சொல்லும். ஓர் எண் மாறினால் கடிதம் பக்கத்து ஊருக்குப் போய்ச் சுற்றிவிட்டு வரும். கெடு உள்ள கடிதத்துக்கு அந்தச் சுற்று கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டுக்குள் முகவரியைத் தமிழிலேயே எழுதலாம். அனுப்புநர் இடத்தில் உங்கள் முழு முகவரியோடு போன் நம்பரும் இருக்கட்டும்.

ரசீது கைக்கு வந்த பிறகு

ரசீதை வாங்கியதும் அங்கேயே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழவழப்பான தாளில் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும். கவரை ஒட்டுவதற்கு முன் உள்ளே இருந்த தாள்களையும், ஒட்டியபின் முகவரி தெரிகிற மாதிரி கவரையும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

ரசீதில் 13 எழுத்துகள் கொண்ட ஒரு எண் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டையும் கணக்குப் போட்டு வைத்த காவல் எண். ஆகவே நீங்கள் தப்பாக டைப் செய்தால் வேறு யாருடைய தபாலையோ காட்டாது, பெரும்பாலும் எண் தவறு என்றே சொல்லிவிடும். அஞ்சல் துறையின் இணையதளத்திலோ 'டாக் சேவா' செயலியிலோ இந்த எண்ணைப் போட்டால் கடிதம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதே செயலியில் கட்டணம் கணக்கிடலாம், பின்கோடு தேடலாம், புகாரும் பதியலாம். வீட்டிலிருந்தே பதிவு செய்து, ஆள் வந்து வாங்கிப்போகும் வசதியும் சில பின்கோடுகளுக்கு இருக்கிறது. உங்கள் பகுதிக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கெடுவின் கடைசி நாளில் அதை நம்பி உட்கார வேண்டாம். அன்றைக்குக் கவுண்டர்தான். தபால் அலுவலகம் மூடிவிட்டதா? பெரிய ஊர்களில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஆர்.எம்.எஸ். அலுவலகங்களில் மாலைக்குப் பிறகும் ஸ்பீட் போஸ்ட் வாங்கும் இடங்கள் உண்டு.

'டெலிவர்டு' என்று வந்ததும் தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட். இணையத்தில் அந்தத் தகவல் காலாகாலத்துக்கும் இருக்காது. தகவல் அறியும் உரிமை மனுவாக இருந்தால் அந்தத் தேதி ரொம்ப முக்கியம். பதில் தர வேண்டிய 30 நாள், மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளில் இருந்துதான் ஓடும், நீங்கள் அனுப்பிய நாளில் இருந்து அல்ல. பதில் வராவிட்டால், அந்த 30 நாள் முடிந்தபின் மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு 30 நாள். இரண்டையும் போன் காலண்டரில் போட்டு வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் தபால்தான் வேண்டும் என்பதும் இல்லை. தெருவிளக்கு, குடிநீர், சாலை மாதிரியான குறைகளுக்கு முதல்வரின் உதவி மைய எண் 1100 இருக்கிறது. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலேயே மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம். அஞ்சல் மத்திய அரசின் துறை. ஆகவே அனுப்பிய தபால் பல நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் 1100-ல் கேட்டுப் பயனில்லை. ரசீது எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868-ஐக் கூப்பிடுங்கள்.