பொங்கல் விடுப்பு போகியன்று விழுவது ஏன்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "யூனிட் டெஸ்ட்டில் தேதி வரும் இடத்தில் மட்டும் டைப் எரர் வந்துகொண்டே இருக்கிறது. 'ஆஸ் எனி' போட்டால் போய்விடுகிறது. அது போதாதா?"

போதாது. பிழை அப்படியே இருக்கிறது. சொல்ல வந்த டைப்ஸ்கிரிப்டின் வாயைத்தான் பொத்தியிருக்கிறோம். அவசரத்தில் இப்படிச் செய்வது இன்று வழக்கமாகவே ஆகிவிட்டது. வருத்தமாக இருக்கிறது.

காரணம், சர்வர் தரவை அனுப்பும் வடிவமான ஜேசன். அதில் எண் உண்டு, ஸ்ட்ரிங் உண்டு, தேதிக்கென்று ஒரு வகை கிடையாது. சர்வர் அனுப்பும் தேதி ஸ்ட்ரிங்காகத்தான் வந்து சேரும். இன்டர்ஃபேஸில் 'டேட்' என்று எழுதிவைத்தாலும், ஓடும்போது அந்த வகைக் குறிப்புகள் எதுவும் மிஞ்சுவதில்லை. வந்த ஸ்ட்ரிங் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் மாதிரிதான்: தேதி தெரியும், அடுத்த நாளைப் புரட்ட முடியாது. 'கெட்டைம்' என்று கூப்பிட்டதும் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று நிரல் நின்றுவிடும்.

ஆகவே டெஸ்ட்டுக்கான போலித் தரவிலும் சர்வர் அனுப்புவதுபோல ஸ்ட்ரிங்கையே வையுங்கள். அதற்குத் தனி இன்டர்ஃபேஸ் எழுதி, தரவு உள்ளே நுழையும் ஒரே இடத்தில் டேட்டாக மாற்றுங்கள். எரர் தானே போகும்.

எனக்கு அலுக்காத விநோதம் இனிமேல்தான். 2024 பொங்கல், ஜனவரி 15. விடுப்புப் படிவத்தின் டெஸ்ட்டில் 'நியூ டேட்(2024, 0, 15)' என்று எழுதுகிறோம். ஜனவரிக்குப் பூஜ்யம், 1995-ல் ஜாவாஸ்கிரிப்ட் ஜாவாவைப் பார்த்து எடுத்துக்கொண்ட பழக்கம். சென்னைக் கணினியில் இது உள்ளூர் நள்ளிரவு. நாம் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக மாற்றினால் 2024-01-14, 18:30 என்று வரும். முதல் பத்து எழுத்தை வெட்டிச் சேமித்தால் பொங்கல் விடுப்பு போகியன்று பதிவாகிவிடும்! அதே நாளை '2024-01-15' என்று ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் யூடிசி நள்ளிரவு, நமக்குக் காலை 5:30. அதன் பின்னால் நேரத்தையும் சேர்த்து, மண்டலம் குறிக்காமல் விட்டால், மறுபடி உள்ளூர் நேரம்.

பில்ட் சர்வர் பெரும்பாலும் யூடிசியில் ஓடும். அங்கே இந்த வித்தியாசமெல்லாம் மறைந்து டெஸ்ட் பச்சை காட்டும். விடுப்பு, பிறந்தநாள் போன்றவற்றுக்கு நேரமே தேவையில்லை. அவற்றை ஸ்ட்ரிங்காகவே அறிவித்துவிடலாம். மற்றவற்றுக்கு, நேர மண்டலத்தைக் குறிக்கும் 'டிஇசட்' மதிப்பாக ஒருமுறை கொல்கத்தாவையும் ஒருமுறை நியூயார்க்கையும் கொடுத்து டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பதில் வரவேண்டும்.