போய் வருகிறேன்

மலைமேல் வாழும் எங்களுக்கு, விடுமுறை முடிந்து திரும்புவோரின் முகங்கள் நன்கு பழக்கமானவை. கோடையில் ஏற்காட்டுக்கு வருவோர் இறுதி நாளன்று காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திற்கு இறங்கிச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். வந்த அன்று அவர்களிடம் இருந்த துள்ளல் அப்போது இருப்பதில்லை. 'இன்னும் ஓரிடம் பார்க்கவில்லையே' என்ற பரபரப்பு ஒருபுறம். 'வீட்டில் என்னென்ன வேலைகள் காத்திருக்கின்றனவோ' என்ற கவலை மறுபுறம். உடல் இங்கே நிற்க, உள்ளம் ஏற்கெனவே மலையிறங்கிவிடுகிறது.

மஞ்சக்குட்டையின் காப்பித் தோட்டங்களிடையே இருந்து பிறரை இவ்வாறு வழியனுப்பிப் பழகிய எனக்கு, அண்மையில் பாரிஸ் மாநகரில் விருந்தினனாக விடுமுறையைக் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அவ்விடுமுறையின் இறுதி நாட்கள் எழுப்பிய எண்ணங்களை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் எனக் கருதுகிறேன்.

அடுத்த முறை என்னும் நம்பிக்கை

பயணத்தின் இறுதி நாட்களில் நாம் அடிக்கடி சொல்லும் சொல், 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்பதே. பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தைப் பற்றி எத்தனை பேர் அவ்வாறு சொல்லியிருப்பார்கள்! 1163-ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய ஆலயம். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிற்பது நாளைக்கும் நிற்குமன்றோ? ஆனால் 2019 ஏப்ரல் 15 மாலை தீப்பற்றியது. ஓக் மரங்களாலான பழைய கூரையும் ஊசிக்கோபுரமும் எரிந்து வீழ்ந்தன. 2024 டிசம்பரில் கதவுகள் மீண்டும் திறக்கும்வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வெளியே நின்றுதான் அதனை நோக்கினர். கல்லாலான பேராலயத்திற்கே 'அடுத்த முறை' உறுதியில்லை என்றால், மனிதருக்கு எங்ஙனம் உறுதி?

ஒரே தெருவில் மூன்று வாயில்கள்

சேன் நதியின் தென்கரையில் 'ரூ தியூ பாக்' என்றொரு தெரு உண்டு. அதன் முனையில் 'லெ பொன் மார்ஷே' என்னும் பெரிய பல்பொருள் அங்காடி நிற்கிறது. 1852 முதல் பூசிக்கோ என்ற வணிகர் பங்கேற்று வளர்த்த நிறுவனம் அது. அதற்கு மிக அருகே, 140-ஆம் எண் வாயிலில், 1830-இல் தேவ அன்னை கத்தரீன் லபூரே என்னும் இளம் துறவிக்குக் காட்சி தந்த சிற்றாலயம் உள்ளது. நம் தாய்மார் பலர் கழுத்தில் அணிந்திருக்கும் அற்புதப் பதக்கத்தின் பிறப்பிடம் இதுவே. சற்றே தள்ளி 128-ஆம் எண்ணில் பாரிஸ் அந்நிய நாட்டு வேதபோதக சபையின் இல்லம் அமைந்திருக்கிறது.

விடுமுறையின் கடைசி நாளன்று நம்மவர் எந்த வாயிலில் மிகுந்த நேரத்தைச் செலவிடுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறவினருக்குப் பரிசு வாங்குவது குற்றமன்று. அதுவும் அன்பின் அடையாளமே. ஆயினும் பெட்டியின் எடையையே நினைந்து இறுதி நாட்கள் கழிந்துவிட்டால், அந்நகரம் நமக்குச் சொல்ல இருந்ததைக் கேளாமலே திரும்பிவிடுவோம். எனக்கு அது சொல்லியது அந்த மூன்றாம் வாயிலில்தான்.

'வருகிறேன்' என்று சொல்லாதோர்

இச்சபை 1658-இல் தோன்றியது. 1663 முதல் அத்தெருவில் இல்லம் கொண்டது. அங்கிருந்து ஆசிய நாடுகளுக்குப் புறப்பட்டோர் நாலாயிரத்திற்கும் மேற்பட்டவர். 1776-இல் புதுச்சேரி மறைபணித்தளம் இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராகப் பொறுப்பேற்ற மேதகு ஹென்றி ப்ரூனியே அவர்களும் இச்சபையினரே. நம் பகுதிப் பழைய கல்லறைகளில் காணும் பிரெஞ்சுப் பெயர்களுக்கு உரியோர் பலர், தம் தாய்நாட்டின் கடைசி நாட்களைக் கழித்தது இவ்வில்லத்தில்தான்.

நமக்கு இறுதி நாட்கள் என்றால் வீடு திரும்பும் நாட்கள். அவர்களுக்கோ வீட்டை என்றென்றைக்குமாக விட்டுச் செல்லும் நாட்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படும் முன்னர் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் செல்ல வேண்டும். சென்றபின் பணித்தளத்திலேயே வாழ்ந்து அங்கேயே மடிவது என்பதுதான் அவர்கள் ஏற்றுக்கொண்ட நியதி.

ஆகவே அவர்கள் விடைபெறுவதையே ஒரு திருச்சடங்காக்கினர். புறப்படும் இளங்குருக்கள் பீடத்தின்முன் வரிசையாக நிற்பர். ஆசிரியர்களும் தோழர்களும் ஒவ்வொருவராக வந்து அவர்தம் பாதங்களை முத்தமிட்டுத் தழுவிக்கொள்வர். அப்போது பாடுவதற்கென்றே, பின்னாளில் மைசூர் மறைபணித்தளத்தில் உழைத்த சார்ல் தாலே அடிகளார் பாடல் இயற்ற, புகழ்பெற்ற இசைமேதை சார்ல் குனோ இசையமைத்துக் கொடுத்தார். இக்காட்சியைத் தீட்டிய ஓவியர் கூபெர்தென் பிரபு. நவீன ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்கிய பியேர் தெ கூபெர்தெனின் தந்தை.

'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்வது தமிழர் வழக்கம். அவ்விளைஞர் அந்த இரண்டாம் சொல்லைச் சொல்ல இயலாது. திரும்ப இயலாது என்று அறிந்திருந்தமையால்தான் எதையும் மிச்சம் வைக்காமல் நன்றியையும் மன்னிப்பையும் அன்பையும் முழுமையாகக் கொடுத்துச் சென்றனர்.

சொல்லியும் திரும்ப இயலாதோர்

அதே பாரிஸில், வடக்கு இரயில் நிலையத்திற்கு அப்பால் 'லா ஷப்பேல்' என்னும் பகுதியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டு வியந்து நின்றேன். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள், புடவைக் கடைகள், நகைக் கடைகள். 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழர்களால் பெரிதும் உருவான தெருக்கள் அவை.

அவர்களில் எத்தனை பேர் தம் இல்ல வாசலில் 'போய் வருகிறேன்' என்று நம்பிக்கையோடு சொல்லியிருப்பர்! 2009-இல் போர் முடியும்வரை ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. அதற்குள் வழியனுப்பிய தாயும் தந்தையும் மறைந்துவிட்ட குடும்பங்கள் பல. அவர்கள் ஊரில் கழித்த கடைசி நாட்கள், கடைசி நாட்கள் என்று அறியப்படாமலே கழிந்துவிட்டன.

திரும்பும் சீட்டு சட்டைப் பையில் இருந்த எனக்கு, அது எத்தகைய கொடை என்பது அத்தெருவில்தான் விளங்கிற்று. நமக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் உண்டு; அங்கே நம்மை எதிர்பார்ப்போர் உண்டு. விடுமுறை முடிகிறதே என்று வருந்துவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

குடும்பங்களுக்கு

இன்று நம் பங்குகளில் பல பெற்றோர் சிங்கப்பூரிலும் துபாயிலும் கனடாவிலும் வாழும் மக்களைக் காணச் செல்கின்றனர். முதல் வாரம் விருந்தும் மகிழ்ச்சியுமாகக் கழிகிறது. இறுதி வாரத்திலோ வீட்டில் ஒரு மௌனம் குடிபுகுகிறது. தாய் பெட்டியை அடுக்குவதிலும், மகன் அலுவலகத்திலுமாக நேரம் கரைகிறது. சொல்ல நினைத்தவை விமான நிலைய வாயிலில் கண்ணீராக மட்டும் வெளிப்படுகின்றன.

எனவே, புறப்படுவதற்கு இரு நாட்கள் முன்பே பெட்டியைக் கட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். எஞ்சிய நேரத்தை உறவுக்குக் கொடுங்கள். மூன்று மாதம் சமைத்துப் போட்ட மருமகளிடம் 'உன்னால் நன்றாக இருந்தேன், அம்மா' என்று வாய்திறந்து சொல்லுங்கள். பழைய மனத்தாங்கல் ஏதேனும் இருந்தால் அதனைத் தீர்க்காமல் படியிறங்காதீர்கள். பேரப்பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர் அளியுங்கள். பிள்ளைகளே, நீங்களும் ஒரு மாலையேனும் கைப்பேசியை ஒதுக்கிவைத்து அவர்கள் அருகில் அமருங்கள். 'அடுத்த ஆண்டு வாருங்கள்' என்று அழையுங்கள். ஆனால் இன்று பேச வேண்டியதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்காதீர்கள்.

'போய் வருகிறேன்' என்பதில் இரு சொற்கள் உண்டு. போவது நம் கையில். வருவது இறைவன் கையில். ஆகவே ஒவ்வொரு முறையும் அதனை முழு மனத்தோடு சொல்வோம்.