உரைகல்லைப் பிடித்த கை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஜரிகை அசலா என்று பார்க்க, ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டுவார்கள். மேலே பொன்முலாம், அடியில் வெள்ளி, உள்ளே சிவப்புப் பட்டு நூல். அந்தச் சிவப்பு எட்டிப் பார்த்தால் நல்ல ஜரிகை. செம்புக் கம்பி பல்லிளித்தால் போலி. ஜரிகைக்குத் தன் உடம்பிலேயே சாட்சி உண்டு. கடன் பத்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. காகிதம் அசல், மை அசல், சில நேரம் முத்திரைகூட அசல். அதில் சொல்லியிருக்கும் கடன் மட்டும் பொய். குறிப்பிட்ட நாளில் அந்தப் பணம் கஜானாவுக்கு வந்ததா என்று அரண்மனைக் கணக்கோடு ஒத்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். ஆகவே, கையெழுத்தை அச்சாக வரையத் தெரிந்தவனைவிடக் கணக்கைக் கையில் வைத்திருப்பவனே போலிப் பத்திரத் தொழிலில் பெரிய கை என்பேன்.

ஆற்காட்டு நவாபின் தர்பார் இதற்குச் சாட்சி. கடனிலேயே வாழ்ந்த முகமது அலி 1795-இல் இறந்தார்; மகன் உம்தத்-உல்-உமரா 1801-இல். அவர்கள் ஆண்ட கர்நாடகப் பகுதியை எடுத்துக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் தலையில் கடன்களும் விழுந்தன. 1805-இல் அமைந்த விசாரணைக் கமிஷன் முன் 3 கோடி பவுண்டுக்கு மேல் கோரிக்கைகள் குவிந்தன. கடைசியில் தேறியது சுமார் 27 லட்சம். முத்திரைக்கு உரியவர் மண்ணுக்குள் போய்விட்டார், யாரைக் கேட்பது? நவாபின் கணக்குப் பிரிவில் இருந்த ரெட்டி ராவைத்தான் சென்னையில் கமிஷனர்கள் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். 1808-இல் அவர்மீதே பத்திரப் போலிக் குற்றம் சாட்டினார் அவதானம் பாப்பையா என்பவர்.

குற்றம் சாட்டிய தரப்பு யோக்கியமா என்று கேட்கலாம். கவர்னர் ஜார்ஜ் பார்லோவின் அரசும் அதைத்தான் கேட்டது. போலிப் பத்திரக்காரர்கள் விசாரணையைக் கெடுக்கச் செய்த சதி என்று நம்பி ரெட்டி ராவுக்குத் துணை நின்றது. சந்தேகம் நியாயமானதே. ஆனால் சொன்னவனுக்கு ஆதாயம் இருப்பதால் பத்திரம் அசலாகிவிடாது. ஜூரிகள் ரெட்டி ராவைக் குற்றவாளி என்ற பிறகும் அரசு அசையவில்லை. அவரைக் கைவிட்டால் அவர் சரிபார்த்துக் கொடுத்த மற்றப் பத்திரங்களின் கதி என்ன? அந்தச் சங்கடமும் உள்ளே இருந்திருக்க வேண்டும். பத்திரம் போலிதான் என்று பின்னர் ஐயமற விளங்கியது. ரெட்டி ராவ் நஞ்சுண்டு இறந்தார். கமிஷன் 1830 வரை பழைய கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.